பழைய மெஷினும் பச்சைப் பட்டையும்

அந்தத் தெருவில் எல்லாரும் அவளை ஆல்பம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தள்ளுகிற கல்யாணப் படங்களையும் பிறந்தநாள் படங்களையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பக்கம் பக்கமாக அடுக்கித் தருவது அவள் வேலை. முகத்துப் பருவைத் துடைப்பாள், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை எடுப்பாள், தூங்கி வழிகிற மாப்பிள்ளையைக்கூட விழித்திருப்பவன் மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் தங்கள் கல்யாணத்தன்று தாங்கள் அழகாக இருந்ததாக நம்பிக்கொண்டிருப்பது அவள் புண்ணியத்தில்தான். ஆனால் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அவள் நகர்ந்தால் வீடு நின்றுவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு எண்ணம். நிற்குமா நிற்காதா என்று நகர்ந்து பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

வீடு என்று பார்த்தால் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அதை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம். கூடத்தில் ஒரு கட்டில், கட்டிலில் அவளுடைய நாத்தனார். புருஷனுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், மின்கட்டணம் வாங்குகிற கவுன்டரில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, கொஞ்ச நாளைக்கு என்று தம்பி வீட்டுக்கு வந்தார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருக்கும். டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் பாத்ரூம். விடாமல் தட்டினால் ஒன்றுமில்லை, சும்மா வா என்று அர்த்தம். அதுதான் அதிகம் கேட்கும்.

வீட்டுக்காரருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கோபம் கிடையாது. வீட்டில் வேலை என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாப்பாடு தட்டிலும் சட்டை கொடியிலும் தானாக முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் ஃபீஸுக்குத்தான் இந்த ஆல்பம் வேலை.

கம்ப்யூட்டரை அந்த வீட்டில் மெஷின் என்றுதான் சொல்வார்கள். வேறு இடம் இல்லாததால் அது ஸ்டோர் ரூமில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர், ஒரு டியூப் லைட், பழைய சூட்கேஸ், என்றுமே வராத விருந்தாளிகளுக்கான மெத்தை. போதாததற்கு, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற மேசை. ஆனால் அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. நம் கதை அந்தக் கதவைப் பற்றியதுதான்.

முன்பு ஒரு நாள் அவள் ஒரு முழு ஆல்பத்தைச் சேமித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் டம்ளர் விடாமல் அடித்தது. என்னவோ ஏதோ என்று எழுந்து ஓடினாள். ஓடின வேகத்தில் கால் ஒயரில் சிக்கி பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆல்பம் போச்சு. நாத்தனார் கூப்பிட்டது எதற்கு என்றால், மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறதே, உனக்குக் கேட்கிறதா என்று கேட்பதற்கு. வாரக்கணக்கான உழைப்பு மண்ணாகிப் போனதில் வீட்டுக்காரரே அரண்டுவிட்டார். கூடத்தின் நடுவில் நின்று சட்டம் போட்டார்.

"இனிமே மெஷின் சேவ் ஆகும்போது யாரும் இவள கூப்பிடக் கூடாது. அக்கா, உங்களுக்கும்தான் சொல்றேன். கதவு சாத்தியிருந்தா சாத்தியே இருக்கட்டும். எனக்கு டீ வேணும்னாலும் நானே போட்டுக்கறேன்."

அந்தச் சட்டம் போட்டதிலிருந்து அவளுக்கு ஒரு வாழ்க்கை பிறந்தது. மெஷினோ அரதப் பழசு. ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொன்னால் திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும், அதற்குள் ஒரு பச்சைப் பட்டை எறும்பு ஊர்வது போல ஊரும். அவள் எழுந்து கதவைச் சாத்துவாள். சூட்கேஸ் மேல் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொள்வாள். அப்புறம் என்ன செய்வாள் என்று கேட்டால், ஒன்றும் செய்ய மாட்டாள். பாட்டுக் கேட்க மாட்டாள், போன் பார்க்க மாட்டாள், தூங்கவும் மாட்டாள். யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் வெறுமனே இருப்பாள். உள்ளதைச் சொன்னால் அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது பட்டை ஊர்கிற அந்த நேரம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் ஸ்டூடியோக்காரர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார்.

"புதுக் கேமரா வாங்கிட்டேன்மா. இனிமே ஒவ்வொரு படமும் மூணு மடங்கு பெருசா வரும். உன் மெஷின் தாங்காது. அடுத்த சீசனுக்குள்ள ஏதாவது பண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு, அன்னன்னைக்கு குடுக்கறத அன்னன்னைக்கே முடிச்சுத் தருதாம். நான் உன்ன விட்டுக் குடுக்க மாட்டேன், இருந்தாலும் எனக்கும் வயிறு இருக்கில்ல?"

விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடத் தயாராகிவிட்டார்கள் என்று பொருள். வேலை போனால் ஃபீஸ் போகும், அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அடியில் கிடந்தது. வேலை இல்லையென்றால் மெஷின் ஓடாது, மெஷின் ஓடாவிட்டால் கதவு சாத்த முடியாது. அப்புறம் காலையிலிருந்து ராத்திரி வரை டம்ளர்தான்.

மளிகைக் கடைக்குப் போகிற சாக்கில் தெருமுனை ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரரின் காதில் எப்போதும் ஒரு திருப்புளி சொருகியிருக்கும். அதனால் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. திருப்புளி அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடையில் இருந்த ஒரு பழைய பெட்டியைத் திறந்து காட்டினார்.

"புது மெஷின் வாங்கறதெல்லாம் இப்போ வேண்டாங்கா. உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சு, ஆனா சாகற வயசில்ல. மெமரின்னா மேசைன்னு வச்சுக்கங்க. டிஸ்க்குன்னா பீரோ. உங்களுக்கு மேசையும் பத்தல, பீரோவும் நெரம்பி வழியுது. அதுலயும் கதவ தொறக்கவே நேரம் எடுக்கற பீரோ. ரெண்ட மாத்தினா போதும். பழைய டிஸ்க்கையும் உள்ளயே விட்டுடலாம், பழைய ஆல்பமெல்லாம் அதுல கெடக்கட்டும். புதுசு சின்னதா இருந்தாப் போதும், வேலை செய்யறதுக்கு மட்டும்."

"செலவு?"

"செகண்ட் ஹாண்ட் மெமரி கெடச்சா உங்க கைக்கு அடங்கும். ஆனா போட்டுட்டீங்கன்னா அப்புறம் காத்திருக்கற வேலையே கெடையாது. தட்டினா திறக்கும், சொன்னா சேமிக்கும்."

காத்திருக்கிற வேலையே கிடையாது என்றபோது அவளுக்கு நெஞ்சில் என்னவோ நெருடியது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்கிற அவசரத்தில் இருந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குறைந்த விலைக்கு ஒரு பொருளை வாங்கி வருவதில் அவருக்கு உள்ள சந்தோஷம் வேறெதிலும் கிடையாது. திருப்புளி சொன்ன மெமரியைத் தானே வாங்கி வருவதாகச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து, மெடல் வாங்கியவர் போல அதை மேசையில் வைத்தார்.

"பாதி விலை. ஆபீஸ் பின்னாடி சந்துல ஒருத்தன் வச்சிருந்தான். பேசற விதத்துல பேசினா எதுவும் குறையும்."

மெஷினைத் திறந்து, திருப்புளி கற்றுக்கொடுத்தபடி அவள் அதைச் சொருகிப் பார்த்தாள். சொருகுகிற இடம் அரைச் சாண் நீளம், கையில் இருந்த துண்டு அதில் பாதி. வீட்டுக்காரர் வாங்கி, திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் எதுவும் உள்ளே போய்விடும் என்பது லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்களின் நம்பிக்கை. அது லேப்டாப்புக்கான மெமரி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வதென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"பாதி விலைக்கு வாங்கினா பாதி நீளம்தான்டா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். நாத்தனார் பேச்சுக்கு அவள் சிரித்ததே அபூர்வம். சந்துக்காரன் திருப்பி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நல்லவேளையாகத் திருப்புளிக்கு ஒரு லேப்டாப் கிராக்கி இருந்தது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, சரியானதை மாற்றிக் கொடுத்தார். புது டிஸ்க்கும் அவரிடமே வாங்கியாயிற்று. தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல இருந்தது. இதற்குள்ளா தன் வேலையெல்லாம் போய் உட்காரப் போகிறது என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பழைய டிஸ்க்குல பழைய ஆல்பத்த விட்டுட்டு மத்தத அப்படியே இதுக்கு நகல் எடுக்கணும்கா," என்றார் திருப்புளி. "ஒரு மதியம் பூரா ஆகும். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. நின்னா எல்லாம் போயிடும்."

இதை அவள் வீட்டில் வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எல்லாம் போயிடும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். வீட்டுக்காரர் அக்காவின் தலைமாட்டில் தண்ணீர் கூஜாவை வைத்தார், பிஸ்கட்டை வைத்தார், பக்கத்து வீட்டம்மாவை நடுவில் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். இவ்வளவையும் அவர் செய்ய முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் நகல் எடுக்கிற பட்டை வந்தது. அது மற்ற பட்டைகளைப் போல எறும்பு அல்ல, ஊர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையோடு ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தாள். அதை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்து, ஒவ்வொன்றாகத் தின்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பழத்தை அவள் முழுதாகத் தின்றதில்லை. விருந்தாளி மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்தாள். வென்டிலேட்டர் வழியாக விழுந்த வெயில் சுவரில் ஒரு கட்டமாக நின்றது. அது கதவு ஓரத்துக்கு நகர்ந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் டம்ளர் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பட்டை முடிகிற இடத்துக்கு வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. முட்டாள்தனமாக இருக்கிறதே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

புது டிஸ்க்கும் மெமரியும் போட்ட மெஷினை முதல் தடவை முடுக்கியபோது அவள் வழக்கம் போல முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தால் எல்லாம் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரரின் பெரிய படங்களைத் திறந்தாள், திறந்தது. அடுக்கிச் சேமிக்கச் சொன்னாள். சாம்பல் பெட்டி வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது. எழுந்து கதவுக்குப் போனவள் பாதியில் நின்றாள். சாத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை. கூடத்தில் டம்ளர் அடித்தது, அவள் போனாள்.

அப்புறம் நடந்தவை எல்லாம் வரிசையாக நடந்தன. ஸ்டூடியோக்காரர் அவள் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, பஸ் ஸ்டாண்டுப் பெண்ணிடம் கொடுக்க வைத்திருந்ததையும் இவளிடமே கொண்டுவந்து கொட்டினார். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமை நோட்டம் விட்டார்.

"இப்பதான் மெஷின் நடுவுல நிக்கறதில்லையே. எதுக்கு இந்தப் புழுக்கத்துல கெடந்து வேகறே? கூடத்துல போட்டா காத்து வரும். அக்காவையும் பாத்துக்கலாம், வேலையையும் பாத்துக்கலாம்."

"இங்கயே இருக்கட்டுங்க. எனக்குப் பழகிடுச்சு."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

உன் நல்லதுக்கு என்று வந்துவிட்டால் அப்புறம் அதற்குப் பதில் கிடையாது. என்ன சொல்வாள்? எனக்குக் கதவு வேண்டும் என்றா? எதற்கு என்று கேட்பார். ஒன்றுக்கும் இல்லை என்பதுதான் உண்மை. ஒன்றுக்கும் இல்லாமல் இருக்கத்தான் அவளுக்கு அந்தக் கதவு வேண்டியிருந்தது, அதை எந்தப் பெண்டாட்டி எந்தப் புருஷனிடம் சொல்லிப் புரியவைத்திருக்கிறாள். மேசை கூடத்துக்கு வந்தது, கட்டிலுக்கு நேர் எதிரே. காலியான ஸ்டோர் ரூமில் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்ற அவருடைய பழைய சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினார். தூசி போகாமல் இருக்கக் கதவையும் சாத்தினார். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிற உரிமை இப்போது சைக்கிளுக்குத்தான்.

கூடத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. டம்ளரை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நாத்தனார் கண்ணால் பார்த்தாலே போதும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் திரையை எட்டிப் பார்த்து, இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்கள். வேகமாக முடிகிற வேலைக்கு நடுவே எத்தனை தடவை எழுப்பினாலும் குற்றமில்லை என்று வீட்டில் ஒரு புதுச் சட்டம் யாரும் சொல்லாமலே வந்துவிட்டது. ஒரு நாள் மதியம் சமையலறையில் நின்றபடி, பழைய மெமரியையே திரும்பச் சொருகிவிடலாமா என்றுகூட யோசித்தாள். சொருகினால் வேலை போய்விடும்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. ஊரில் இல்லாத சிரிப்பையெல்லாம் முகத்தில் வரைந்து கொடுக்கிறவளுக்கு ஒரு பெட்டியும் பட்டையும் வரைவது எந்த மூலைக்கு. அந்தச் சாம்பல் பெட்டியை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஓரத்து நிழல், எழுத்தின் அளவு, பச்சையின் சாயல், எல்லாம் அச்சாக வந்தது. பாதி வரை பச்சையை நிரப்பினாள். திரை முழுக்க அந்தப் படத்தை விரித்து வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தாள். நாத்தனார் கரண்டியை எடுத்தார், திரையைப் பார்த்தார், கீழே வைத்தார்.

அதிலிருந்து நாளுக்கு ஒரு தடவை பட்டை வந்தது. அப்புறம் இரண்டு தடவையாயிற்று. முன்பு போலச் சாய்ந்துகொள்ளக் கதவு இல்லை, காலை நீட்ட இடமில்லை, எதிரே இரண்டு கண் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். டீ என்று வாயெடுத்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"என்ன, திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சா? நேத்து வந்தப்பவும் இப்படித்தானே நின்னுச்சு. இவ்ளோ செலவு பண்ணி என்னத்துக்கு? அந்தத் திருப்புளி ஏமாத்திட்டான். கழட்டு, இப்பவே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடறேன்."

"இல்லைங்க, பெரிய ஆல்பம், அதான்." என்றாள் அவள். திருப்புளி அதை ஒரு பார்வை பார்த்தால் போதும், எல்லாம் வெளியில் வந்துவிடும். அப்புறம் எந்தப் பட்டையையும் இந்த வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க நாள் பூரா எதிர்லயே இருக்கீங்களே அக்கா. சொல்லுங்க, அது நகருதா இல்லையா?"

நாத்தனார் திரையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். கட்டணம் கட்ட வந்தவன் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நகருது. மெதுவா நகருது. உனக்குப் பொறுமை கெடையாது, சின்ன வயசுலேருந்தே கெடையாது. போய் டீயப் போட்டுக்க. எனக்கும் ஒண்ணு போடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை எங்கே என்று கேட்க வாயெடுத்து, பட்டை ஞாபகம் வந்து, தானே டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பட்டை வந்த நாள்லேருந்து பாக்கறேன், ஒரு நூலளவு நகரல. எப்பவும் பாதியிலயே நின்னா எவன் நம்புவான்? அப்பப்போ கொஞ்சம் தள்ளி வை."

"அண்ணி," என்றாள்.

"கவுன்டர்ல நான் ஒரு பலகை வச்சிருந்தேன். கணக்கு சரி பார்க்கப்படுகிறதுன்னு எழுதியிருக்கும். வெளிய க்யூ நிக்கும். உள்ள ஒரு கணக்கும் கெடையாது, சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அத வச்சுத்தான் அத்தன வருஷம் ஓட்டினேன்." கட்டிலின் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கும் உன் பட்டைப் படத்துல ஒண்ணு அச்சடிச்சுக் குடு. கால்மாட்டுல மாட்டிக்கறேன். மாத்திரை போட்டாச்சா, பாத்ரூம் போகணுமா, புரண்டு படுக்கறீங்களான்னு நீங்க ரெண்டு பேரும் என்ன ஒரு நிமிஷம் சும்மா விட மாட்டேங்கறீங்க."

இத்தனை நாளும் இந்த வீட்டில் மாட்டிக்கொண்டது தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போய்ச் சாத்திக்கொள்ள அண்ணிக்கு ஒரு கதவுகூட இருந்ததில்லை.

"நாளைக்கே எடுத்துத் தர்றேன் அண்ணி. பெருசாவே போடறேன்."

நாத்தனார் கரண்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. படத்தைத் திறந்து, பச்சையை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தாள். முழுசாக நிரப்ப அவளுக்கு மனசு வரவில்லை.